கதவுக்குப் பின்னால் இரண்டு கைத்தட்டல்

அன்பு மகள் சிஹாமுக்கு அப்பா திஜானி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அம்மா ஹத்தா, அண்ணன் லாயித், அவன் பெண்டாட்டி பிள்ளை எல்லோரும் அல்லாஹ்வின் கருணையால் சுகம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக இந்த முறை கை வரவில்லை, ஏனென்றால் உன் சுகத்தை அறியத்தான் இந்தக் கடிதமே. ஓய்வு பெற்ற பிறகு மளிகைச் சீட்டு தவிர நான் எதையும் காகிதத்தில் எழுதியதில்லை, எழுத்து கோணலாக இருந்தால் கிண்டல் செய்யாதே. தபாலிலும் போடவில்லை. என் சித்தப்பா மருமகள் மெரியம் உன் மான்ட்ரியாலில்தானே இருக்கிறாள், விடுமுறைக்கு வந்தவள் வியாழக்கிழமை திரும்புகிறாள், அவள் கைப்பையில் வைத்து அனுப்புகிறேன்.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷமா இந்த ஒட்டடையிலயா என்னைக் குடியிருக்க வெச்சிருந்தீங்க என்று என்மேல் பாய்ந்தாள், அவளுக்குப் பார்வை மங்கியதற்கு நான்தான் காரணம் என்பதுபோல. இப்போது துடைப்பத்தைக் கீழே வைப்பதில்லை. லாயிதின் மகன் நடக்க ஆரம்பித்துவிட்டான், நடக்கிறான் என்று சொல்வதைவிட விழுந்துகொண்டே முன்னேறுகிறான் என்று சொல்லலாம். பேரீச்சை இந்த வருஷம் சுமார், அறுவடைக்கு முந்தின வாரம் மழை கெடுத்துவிட்டது. உன் அத்தை ஃபாத்னா ரஜப் மாதம் ஏழாம் நாள் இறந்துபோனாள். இதையெல்லாம் உனக்கு ஏற்கெனவே தொலைபேசியில் அனுப்பியிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். பையன் நடக்கிற படத்தை லாயித் அனுப்பியபோது, நீ இரண்டு உள்ளங்கை தட்டுகிற அந்தச் சின்னப் படத்தை அனுப்பினாய், சந்தோஷப்பட்டோம். அம்மாவின் கண் விஷயத்துக்கும் அதே இரண்டு கை வந்தது, சரி, வேலையில் இருக்கிறாள் என்றோம். எப்போது ஊருக்கு வருகிறாய் என்று நான் கேட்டதற்கும் அதுவே வந்தது. பிறகு அத்தை இறந்துவிட்டாள் என்று எழுதினேன். அதற்கும் இரண்டு கை தட்டி அனுப்பினாய் மகளே.

லாயித் அதைப் பார்த்துச் சிரித்தான், பார்க்காமல் விரலை வைத்திருப்பாள், விடுங்கப்பா என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளாக மணல் காற்று, பக்கத்து வீட்டுத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதற்குப் பின்னால் வேறொரு சத்தம் வருகிறதா என்று காது கேட்டுக்கொண்டிருந்தது, வேண்டாம் என்றாலும் கேட்டது. உன் அம்மா வந்து என் முகத்தைப் பார்த்தாள், தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் அதைத் தெரிந்தவர்கள் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, நீயும் என்னைப்போலச் சமூக நல வேலைக்கே போகிறேன் என்று படித்தபோதுகூடச் சொல்லவில்லை, சொன்னால் போகமாட்டாயோ என்று பயந்தேன், போய்விடுவாயோ என்றும் பயந்தேன்.

நீ வளர்ந்தது மணி அழுத்தினால் கதவு திறக்கிற புதுக் குடியிருப்பில். பழைய கோட்டைத் தெருவின் பழக்கம் உனக்கு அவ்வளவாகத் தெரியாது. அங்கே ஆண் ஒருவன் ஒரு வீட்டுக்குப் போனால் கதவுக்கு நேரே நிற்கக் கூடாது, ஒதுங்கி நின்று, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஸலாம் சொல்லி மூன்று முறை தட்டலாம். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் திரும்பிப் போய்விட வேண்டும், நான்காவது முறை தட்டுகிறவன் மரியாதை தெரியாதவன். வீட்டில் ஆண் இல்லாமல் பெண் மட்டும் இருந்தால் அவள் குரல் கொடுக்க மாட்டாள். உள்ளே இருந்து இரண்டு முறை கை தட்டுவாள். நான் இருக்கிறேன், வீட்டில் ஆண் இல்லை, போய் வாருங்கள் என்று அர்த்தம். சமூக நல அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த பட்டியலில் இருந்ததெல்லாம் விதவைகளும் கணவன் விட்டுப்போனவர்களும், அந்தத் தெருவுக்கு ஒரு பெண் ஊழியரைப் போடுங்கள் என்று நான்கு வருஷம் எழுதினேன், பரிசீலனையில் இருக்கிறது என்று நான்கு வருஷமும் பதில் வந்தது. ஆக என் வேலை இதுதான்: மாதம் ஒரு தடவை போவேன், தட்டுவேன், உள்ளே இருந்து இரண்டு கைத்தட்டல் வரும், ரவை, எண்ணெய், சர்க்கரை வைத்த பையைப் படியில் வைத்துவிட்டு, பதிவேட்டில் ‘ஆள் இருந்தார்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவேன். பத்தொன்பது வருஷத்தில் பாதிப் பேரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கைகளைத் தெரியும். இன்னாருக்குக் கனத்த கை, இன்னார் தட்டினால் வளையல் சேர்ந்து ஒலிக்கும் என்று தெரியும்.

அந்தப் பட்டியலில் உம்ஹானி என்று ஒருத்தி. வேற்றூர்க்காரி, புருஷன் அவளை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கேயோ போனவன் போனவன்தான். அதனால் தெருப் பெண்கள் அவள் வீட்டில் கால் வைப்பதில்லை, அவளும் யார் வீட்டுக்கும் போகமாட்டாள். ஒரு பெண் குழந்தை, பெயர் வன்னாஸா. முற்றத்தில் ஒரு குழாய், ஒரு ஆடு, கோடியில் ஒரு ஜாடி நிறையப் பேரீச்சம்பழம், அவ்வளவுதான் அவர்கள் சொத்து. உம்ஹானியின் கைத்தட்டல் சோம்பலானது. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுவாள், எல்லாம் அலுத்துப்போனவள் தட்டுகிற மாதிரி இருக்கும். நீ பிறந்த மறுவருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு தடவை போனேன், நான் முதல் முறை தட்டி முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது, பட் பட் என்று, நடுவில் மூச்சே இல்லை. கதவுக்குப் பின்னாலேயே எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுபோல. இன்றைக்கு நல்ல தெம்பாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இதைத்தான் நினைத்தேன், ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த மாதமும் அப்படியே. அந்தத் தடவை சத்தம் கீழே இருந்து வந்தது, என் முழங்கால் உயரத்திலிருந்து, அதுவும் மெல்லிய சத்தம். கதவிடுக்கில் பெண்கள் போர்த்திக்கொள்கிற வெள்ளைப் போர்வை தெரிந்தது, ஒரு பெண் கதவை ஒட்டி நிற்கிறாள் என்று சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், நல்ல குடும்பத்தில் பிறந்தவன் செய்வதைச் செய்தேன். பையை வைத்தேன், கோடு போட்டேன். மூன்றாம் மாதம் எண்ணெய் வந்து சேரவில்லை, அதைச் சொல்வதற்காகத் தெருப்பக்கம் பார்த்தபடியே, எண்ணெய்க்குப் பதிலா சர்க்கரை கூடுதலா வெச்சிருக்கேன் உம்ஹானி, போதுமா என்றேன். பட் பட். குழந்தை நல்லா இருக்கா என்றேன். பட் பட். அலுவலகத்துல உன் கையெழுத்து வேணுமாம், வெள்ளிக்கிழமை யாரையாவது அனுப்பட்டுமா என்றேன். அதற்கும் பட் பட். ஏதோ சரியில்லை என்று தோன்றியது, ஆனால் எனக்கு அன்றைக்கு இன்னும் பதினொரு வீடு பாக்கி. பத்தடி போயிருப்பேன், காற்று எழுந்து எதிர்வீட்டுத் தகரத்தைத் தூக்கி அடித்தது. டம் என்றது. உம்ஹானி வீட்டுக்குள்ளிருந்து பட் பட் என்று வந்தது. மறுபடியும் டம். மறுபடியும் பட் பட். தெருவில் மனிதர்கள் யாரும் இல்லை, காற்று தட்டிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்து அதற்குப் பதில் போய்க்கொண்டிருந்தது, சளைக்காமல்.

அப்போதும் நான் திரும்பிப் போகவில்லை சிஹாம். காலை எட்டிப் போட்டு நடந்து மீதி வீடுகளையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மா ரொட்டியும் தேநீரும் வைத்தாள். உனக்கு அப்போது ஒன்றேமுக்கால் வயது, அம்மா மடியில் உட்கார்ந்து, நான் ரொட்டியைப் பிய்க்கப் பிய்க்க, என்னைப் பார்த்துக் கை தட்டினாய். பட் பட். அந்தச் சத்தம்தான். அதே கனம், இல்லை, அதே கனமின்மை. உன் கையைப் பிடித்துப் பார்த்தேன், என் கட்டைவிரல் அளவு உள்ளங்கை. தட்டியது பெரியவள் கை இல்லை ஹத்தா, இதைவிடக் கொஞ்சம் பெரிய கை என்றேன். உன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் முகம் புரிந்தது, உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போர்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தாள்.

உன் அம்மா கதவுக்கு நேரே நின்று தட்டினாள். பட் பட். நான் பொம்பளைதான், கதவைத் திற தாயி என்றாள். பட் பட். நான் தோளால் இடிக்கப் போனேன், அம்மா என்னைத் தடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, கதவில் காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தட்டாமல், பேசாமல், தானும் இரண்டு முறை கை தட்டினாள், நடுவில் ஒரு மூச்சு விட்டு. உள்ளே சத்தம் நின்றுபோனது. காற்றும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அப்புறம் கதவின் அடிப்பாகத்திலிருந்து, பல நாளாகப் பேசாததால் கரகரத்துப்போன ஒரு குரல் கேட்டது.

“யம்மா, வந்துட்டியா?”

உன் அம்மா, இல்லடி கண்ணு, நான் யம்மா இல்ல என்று சொன்னதற்கு அவளைப் பாராட்டுவதா திட்டுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கதவு திறக்க மேலும் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே கதவை ஒட்டித் துடைப்பக் கட்டை ஒன்றை நிறுத்தி, அதன்மேல் உம்ஹானியின் பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் கண்ணைத் தாழ்த்தியிருந்தேன். அதன் காலடியில் ஒரு பாய், பாயில் அந்தப் பிள்ளை, ஏழு வயது, மூன்று மாதமாக அங்கேயே படுத்து அங்கேயே எழுந்து, பச்சை ரவையும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் ஆட்டுப் பாலுமாக. உம்ஹானி வயிற்றுவலி தாங்க முடியாமல் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், மறுநாள் வந்துவிடலாம் என்று. யார் தட்டினாலும் இரண்டு முறை கை தட்டு, நான் இருக்கிறேன் என்று நினைத்துப் போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். போன மூன்றாம் நாளே அங்கே இறந்துபோனாள், பேர் சொல்ல ஆள் இல்லாமல் பேர் தெரியாதவளாகவே அடக்கம் செய்தார்கள், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. பயமே இல்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்ட சந்தோஷம்தான் முகத்தில்.

“நீங்கதானே ரவை மாமா? நீங்க ரொம்ப நல்லவங்க. நான் கை தட்டினதும் போயிருவீங்க.”

மறுநாள் அலுவலகத் தலைவர் அப்துல்பாக்கியிடம் போய், மூன்று மாதம் தப்பாகக் கோடு போட்டிருக்கிறேன், எழுதிக்கொடுக்கிறேன், என்மேல் நடவடிக்கை எடுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும், எனக்குக் காப்பி வரவழைத்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உட்காருப்பா திஜானி, இதுல என்ன தப்பு இருக்கு, ஆள் இருந்தார்னு போட்டிருக்கே, ஆள் இருந்துச்சே என்றார். அதோடு கோப்பு மூடப்பட்டது. வன்னாஸா எங்கள் வீட்டில் பதினொரு நாள் இருந்தாள். யார் வாசலில் செருப்பை உதறினாலும், சமையலறையில் பாத்திரம் விழுந்தாலும், கை தட்டுவாள். தூக்கத்திலும் தட்டுவாள். நீ அவளைப் பார்த்துத் திருப்பித் தட்டுவாய், இரண்டு பேரும் மாற்றி மாற்றி, உனக்கு அது விளையாட்டு. உன் அம்மா அறைக்குப் போய் அழுவாள். பன்னிரண்டாம் நாள் விதிப்படி குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பினோம், அந்தக் கையெழுத்தும் என்னுடையதுதான். ஒரு தடவை பார்க்கப் போனேன், இப்போ அந்தப் பழக்கத்தை மறக்கடிச்சுட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு போக எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பெயருக்குத் துணையாக இருப்பவள் என்று அர்த்தம், உனக்குத் தெரியும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன நோன்புக்குப் பிறகு ஒருநாள் நீ கூப்பிட்டாய், நினைவிருக்கிறதா. ஒரு சின்னப் பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீ எழுதிக்கொடுத்து அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய விஷயம், அதற்கு மேல் உன்னால் சொல்ல முடியவில்லை. நான் பெரிய அனுபவசாலி மாதிரி, மனசைக் கோப்புக்குள்ள வெச்சு மூடிட்டு வீட்டுக்குப் போம்மா, நாளைக்கு வேற கோப்பு வரும் என்றேன். நீ, சரிப்பா என்றாய். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட உன் குரல். அப்துல்பாக்கி எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன், காப்பிகூட வாங்கிக் கொடுக்காமல். என்னை மன்னித்துவிடு மகளே. எனக்கே பலிக்காத வைத்தியத்தை உனக்குக் கொடுத்தேன். அந்தக் கோப்பு மூடவில்லை, இத்தனை வருஷமாகிறது, காற்று அடித்தால் திறந்துகொள்கிறது.

போன வாரம் லாயித் உன் அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டான், கோபித்துக்கொள்ளாதே, நான்தான் செய்யச் சொன்னேன். தினமும் நேரத்துக்கு வருகிறாள், நேரத்துக்குப் போகிறாள், விடுப்பே எடுப்பதில்லை, அருமையான பெண் என்றார்களாம். லாயித் நிம்மதியாகிவிட்டான். நான்தான் அன்றைக்கே காகிதமும் பேனாவும் தேடினேன். அவர்கள் பதிவேட்டிலும் ஆள் இருந்தார் என்ற கட்டத்தில் கோடு போட்டிருக்கும். வாரம் ஒரு தடவை நாங்கள் தட்டுகிறோம், உள்ளே இருந்து உன் இரண்டு கை பதில் சொல்கிறது, நாங்களும் பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். கதவுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டு நீ பாயில் படுத்திருக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அழுதாலும் கத்தினாலும் என்னைத் திட்டினாலும் அது எனக்குப் போதும். அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன், விடாதே என்றும் சொல்லமாட்டேன், அது உன் பாடு. அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று முழுசாகச் சொல், எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன், நடுவில் வாயைத் திறக்கமாட்டேன். உன் அம்மா பக்கத்தில் இருந்து என் வாயைப் பார்த்துக்கொள்வாள்.

மெரியமிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்திருக்கும் நேரத்தில் வருவாள். மூன்று முறை தட்டிவிட்டுத் திரும்புவது நம் மரியாதை, அந்த மரியாதையை ஒரு தடவை நான் காப்பாற்றியது போதும், நான்காவதும் தட்டு, ஐந்தாவதும் தட்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அப்போதும் திறக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு அங்கேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன், அவளும் சரி என்றிருக்கிறாள். உட்கார விரிப்புக்கு உன் அம்மா தன் போர்வையை மடித்துக் கொடுத்திருக்கிறாள். ஆகவே நீ இதைப் படிப்பது கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு என்றால், அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள், போகமாட்டாள்.

அல்லாஹ் உன் நெஞ்சுக்கு அமைதியைத் தரட்டும், உன் கைகளுக்கு ஓய்வைத் தரட்டும், உன்னைச் சுற்றி நல்லவர்களை வைக்கட்டும். அம்மா உன் இரண்டு கண்களுக்கும் முத்தம் தரச் சொன்னாள். பேரீச்சம்பழம் மூன்று பெட்டி கொடுத்திருக்கிறோம், மெரியமுக்கு ஒன்று, உனக்கு இரண்டு, மாற்றி எடுத்துவிடப் போகிறாள், பார்த்து வாங்கிக்கொள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கை தட்டாதே. யாரது என்று வாயைத் திறந்து கேள். மெரியமுக்கு இடுப்பு வலி வேறு, குளிர்ந்த தரையில் ரொம்ப நேரம் உட்காரவைக்காதே, கதவைத் திறம்மா.

உன் வாசலிலேயே நிற்கும்,
அப்பா திஜானி